கொடி சென்றது, உரிமை செல்லவில்லை

1900 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் போர்ட்டோ ரிக்கோத் தீவின் சான் யுவான் துறைமுகத்திலிருந்து நியூயோர்க் நகருக்குத் தோடம்பழங்கள் கப்பலேற்றப்பட்டன. அவற்றை வரவழைத்த வணிக நிலையத்தாரிடம் சுங்க அதிகாரிகள் 659 டொலர் 35 சதம் தீர்வையாக அறவிட்டனர். வணிகர் ஆட்சேபத்துடன் பணத்தைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பித் தரும்படி வழக்குத் தொடுத்தனர். அவர்களுடைய வாதம் மிக எளிதானது. போர்ட்டோ ரிக்கோ இப்பொழுது அமெரிக்கக் கொடியின் கீழுள்ள நிலம். ஐக்கிய நாடு முழுவதிலும் தீர்வைகள் ஒரே சீராக இருத்தல் வேண்டும் என்று அமெரிக்க அரசியற் சட்டம் விதிக்கின்றது. அவ்வாறாயின், புளோரிடாவிலிருந்து வரும் பழத்துக்கு இல்லாத தீர்வை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரும் பழத்துக்கு மட்டும் எவ்வாறு வந்தது?

மண்ணைக் கொத்தி விளைவித்ததைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் எந்த விவசாயியும் இக்கேள்வியின் நியாயத்தை உடனே உணர்வர். ஆயினும் வாஷிங்டனிலுள்ள உயர் நீதிமன்றம் 1901 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் திகதி, ஐந்து நீதியரசர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்று, வணிகரின் வழக்கைத் தள்ளிவிட்டது. "டௌன்ஸ் எதிர் பிட்வெல்" என்று சட்ட நூல்களில் இடம்பெற்றுள்ள இத்தீர்ப்பு, பழத்தைப் பற்றிய தீர்ப்பன்று. ஒரு நாட்டின் கொடியின் கீழ் வாழும் மக்கள் அந்நாட்டின் அரசியற் சட்டப் பாதுகாப்பைத் தமது உரிமையெனக் கேட்கலாமா, அல்லது ஆளுவோர் விரும்பியபோது அளிப்பதைப் பெற்றுக்கொண்டு அமைதியடைய வேண்டுமா என்பதே அங்கு எழுந்த வினா. அன்று அளிக்கப்பட்ட விடை அமெரிக்க அரசியலை அரை நூற்றாண்டு காலம் தொடர்ந்து வந்தது. இன்றும் அது முற்றாக மறையவில்லை. அவ்வரலாற்றை நமது வாசகர்களின் சிந்தனைக்கு இவ்வாரம் முன்வைக்கின்றோம்.

இத்தீவுகள் அமெரிக்காவின் கைக்கு வந்த வரலாற்றை முதலிற் கூறவேண்டும். 1898 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி "மெயின்" என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கியூபாவின் ஹவானாத் துறைமுகத்தில் வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டனர். ஏப்ரல் 25 ஆம் திகதி காங்கிரசு ஸ்பானியாவின் மீது போர் பிரகடனஞ் செய்தது. கியூபா மக்களைக் கொடுங்கோன்மையிலிருந்து விடுவிப்பதே போரின் நோக்கமென்று உலகுக்குச் சொல்லப்பட்டது. சில மாதங்களிற் போர் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 10 ஆம் திகதி பாரிஸ் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் பிலிப்பைன் தீவுகளும் அமெரிக்காவுக்கு உரியனவாயின. பிலிப்பைன் தீவுகளுக்காக 2 கோடி டொலர் ஸ்பானியாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் 9 ஆம் உறுப்புரை ஒரு செய்தியை ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றது. கையளிக்கப்படும் நிலங்களின் சுதேச மக்களுடைய குடியுரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரசு தீர்மானிக்கும் என்பதே அது. அம்மக்களின் பிரதிநிதிகள் எவரும் அவ்வுடன்படிக்கையிற் கைச்சாத்திடவில்லை.

பிலிப்பைன் மக்களோ 1898 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் திகதியே அகினால்டோவின் தலைமையிற் சுதந்திரப் பிரகடனஞ் செய்திருந்தனர். அடுத்த ஆண்டு தமக்கென ஓர் அரசியற் சட்டமும் வகுத்தனர். ஆனால் 1899 பெப்ரவரி 4 ஆம் திகதி மனிலாவில் அவர்களுக்கும் அமெரிக்கப் படைக்குமிடையே துப்பாக்கிச் சண்டை மூண்டது. இரண்டு நாட்களின் பின்னர், பெப்ரவரி 6 ஆம் திகதி, அமெரிக்க மூதவை 57 வாக்குகளுக்கு 27 என்ற கணக்கில் உடன்படிக்கையை ஏற்றது. 1902 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி போர் முடிந்ததென்று ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட் அறிவித்தபோது 4,200 க்கு மேற்பட்ட அமெரிக்கரும் 20,000 க்கு மேற்பட்ட பிலிப்பைன் வீரரும் இறந்திருந்தனர். போராலும் பஞ்சத்தாலும் நோயாலும் மாண்ட பொதுமக்களின் தொகை இரண்டு லட்சம் வரை இருக்கலாமென்று அமெரிக்க அரசின் வரலாற்றுத் துறையே கணக்கிட்டுள்ளது. ஒரு மக்களுக்கு விடுதலை அளிக்கத் தொடங்கிய போர், மற்றொரு மக்களின் விடுதலையை அடக்கும் போராக முடிந்தது.

இச்செயலை எதிர்த்த அமெரிக்கர் இல்லாமலில்லை. 1898 ஆம் ஆண்டிலேயே ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் தோன்றியது. எழுத்தாளர் மார்க் டுவெயினும், செல்வர் அன்ட்ரூ கார்னெகியும், முன்னைநாள் ஜனாதிபதி கிளீவ்லாண்டும் அதனைச் சார்ந்து நின்றனர். 1900 ஆம் ஆண்டுத் தேர்தலிற் சனநாயகக் கட்சியின் வேட்பாளர் பிறையன், கொடி செல்லுமிடமெல்லாம் அரசியற் சட்டமும் செல்லவேண்டும் என்ற கோரிக்கையை மக்கள் முன் வைத்தார். ஆனால் மக்கின்லி வெற்றி பெற்றார். எதிர்ப்பாளரின் வரிசையிலும் ஒரு குறை இருந்ததை நாம் மறைக்க விரும்பவில்லை. தென்மாநிலங்களைச் சேர்ந்த சிலர் பிலிப்பைன் மக்களின் உரிமைக்காக அன்றி, வேற்று நிறத்தவர் தமது நாட்டுக்குள் வந்துவிடுவர் என்ற அச்சத்தினாலேயே தீவுகளை வேண்டாமென்றனர். நேரிய கொள்கைக்கும் தீய காரணத்தோடு துணைநிற்போர் உண்டு என்பதற்கு இது சான்று.

இனி, நீதிமன்றம் கூறிய காரணத்தைப் பார்ப்போம். தீர்ப்பை அறிவித்த நீதியரசர் பிறவுண், புதிய தீவுகள் ஐக்கிய நாட்டுக்குச் சொந்தமானவையே எனினும், வரிவிதிகளைப் பொறுத்தவரையில் அதன் பகுதிகள் அல்ல என்றார். மதத்தாலும் வழக்கத்தாலும் சிந்தனை முறையாலும் வேறுபட்ட இனத்தவரை ஆங்கிலோ-சாக்சன் நெறிப்படி ஆளுவது சிறிது காலத்துக்கு இயலாமற் போகலாம் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் அம்மக்களுக்குப் பாதுகாப்பு யாது? ஆங்கிலோ-சாக்சன் இனத்தின் இயல்பிலேயே நீதியுணர்ச்சி ஊறியிருக்கின்றது. அதனை எழுத்தில் வடிக்கவேண்டிய அவசியமில்லை என்று அவர் விடை கூறினார். சுருங்கச் சொன்னால், ஆளும் இனத்தின் நற்குணத்தை நம்பியிருங்கள் என்பதே தீர்ப்பு. அவரோடு முடிவில் உடன்பட்ட நீதியரசர் வைற், காங்கிரசு தன்னுள் இணைத்துக்கொண்ட ஆள்புலம் என்றும் இணைத்துக்கொள்ளாத ஆள்புலம் என்றும் ஒரு புதுப் பாகுபாட்டை வகுத்தார். அரசியற் சட்டத்தின் எந்த ஏட்டிலும் அப்பாகுபாடு காணப்படவில்லை. எனினும் பிற்காலத்தில் அதுவே சட்டமாயிற்று.

மாறுபட்ட நீதியரசர்களுள் ஒருவரான ஹார்லன், காங்கிரசு பிறந்ததே அரசியற் சட்டத்தினால். அச்சட்டத்துக்கு வெளியே நின்று எவரையும் ஆள அதற்கு அதிகாரமில்லை என்று எழுதினார். இத்தீர்ப்பு நிலைத்தால் எழுதப்பட்ட சட்டத்தாற் காக்கப்படும் சுதந்திரம் போய், சட்டசபையின் வரம்பற்ற ஆதிக்கம் வந்துவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை.

ஆளும் இனத்தின் நற்குணம் அந்நாட்களில் எத்தகையது என்பதை அறியக் கடல் கடக்கவேண்டியதில்லை. இதே பிறவுண்தான் 1896 ஆம் ஆண்டிற் "பிளெசி எதிர் பெர்குசன்" என்ற வழக்கிற் கறுப்பின மக்களுக்குத் தனிப் புகையிரதப் பெட்டி ஒதுக்கும் லூயிசியானாச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பெழுதியவர். அன்று தனியொருவராய் நின்று மறுத்தவரும் இதே ஹார்லன்தான். ஸ்பானியாவின் மீது காங்கிரசு போர் பிரகடனஞ் செய்த அதே ஏப்ரல் 25 ஆம் திகதி, மிசிசிப்பி மாநிலத்தின் தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வாக்குரிமையைப் பறிப்பனவல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களில் நிறவேற்றுமை காணப்படவில்லை, எனவே குற்றமில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. அச்சட்டத்தை இயற்றியோர் என்ன நோக்கத்தோடு இயற்றினர் என்பது நாடறிந்த செய்தி. நீதிமன்றம் மட்டும் அறிய மறுத்தது.

விளைவை எண்களிற் காணலாம். லூயிசியானாவில் 1896 ஆம் ஆண்டில் 130,334 கறுப்பின வாக்காளர் பதிவுபெற்றிருந்தனர். புதிய மாநில அரசியற் சட்டம் வந்தபின் 1900 ஆம் ஆண்டில் எஞ்சியவர் 5,320 பேரே. வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் 1898 நவம்பர் 10 ஆம் திகதி, மக்களால் தெரியப்பட்ட நகராட்சியை ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கூட்டம் துரத்திவிட்டுத் தானே ஆட்சியில் அமர்ந்தது. கூட்டாட்சி அரசாங்கம் கைகட்டி நின்றது. 1903 ஆம் ஆண்டில் அலபாமாவின் மொன்ற்கோமரி மாவட்டத்துக் கறுப்பினப் பிரசைகள் 5,000 க்கு மேற்பட்டோரின் சார்பில் ஒருவர் வாக்குரிமை கோரி உயர் நீதிமன்றத்தை நாடினார். மாநில மக்கள் ஒன்றுதிரண்டு செய்யும் அரசியல் அநீதிக்கு நீதிமன்றத்திற் பரிகாரம் இல்லை. அம்மக்களிடமோ சட்டசபையிடமோ சென்று கேளுங்கள் என்று நீதியரசர் ஹோம்ஸ் அவரை அனுப்பிவிட்டார். வாக்குரிமையைப் பறித்தவரிடமே போய் வாக்குரிமை கேட்கும்படி சொன்ன இத்தீர்ப்புக்கு நாம் விளக்கவுரை எழுதவேண்டியதில்லை.

தீவுகளில் ஆளப்படுவோரின் சம்மதம் தேவையில்லை என்று வாதித்த கட்சி, தென்மாநிலங்களில் அதே சம்மதம் மறுக்கப்பட்டபோது எந்த முகத்தோடு கண்டிக்க முடியும்? தென்மாநில மூதவை உறுப்பினர் இவ்வாதத்தைப் பலமுறை எடுத்துக்காட்டி எள்ளி நகையாடினர். எல்லைக்கு அப்பால் ஒருமுறை ஒப்புக்கொண்ட கொள்கை எல்லைக்குள்ளும் தன் வேலையைச் செய்தது.

முதலாம் உலகப் போர் வந்தது. உலகிற் சனநாயகம் நிலைக்கவேண்டுமென்று கூறி 1917 ஏப்ரலில் ஜனாதிபதி வில்சன் நாட்டைப் போருக்குள் இட்டுச்சென்றார். அவருடைய அரசாங்கமே 1913 ஆம் ஆண்டு முதல் வாஷிங்டன் அலுவலகங்களிற் கறுப்பின எழுதுவினைஞரைப் பிரித்துவைக்க இடங்கொடுத்திருந்தது. போரைக் கண்டித்துப் பேசிய சமதர்மத் தலைவர் டெப்ஸ் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்தபடியே 1920 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அவர் 9 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். 1919 ஏப்ரலிற் பாரிஸ் மாநாட்டில் இனங்களின் சமத்துவத்தைச் சர்வதேச சங்க சாசனத்திற் சேர்க்கவேண்டுமென யப்பான் கோரியபோது, 17 வாக்குகளில் 11 அதற்கு ஆதரவாக விழுந்தன. தலைமை வகித்த வில்சன் ஏகமனதான சம்மதம் தேவையென்று கூறி அதனைத் தள்ளிவிட்டார்.

போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பிரசாவுரிமை அளிக்கப்பட்டது. பிரசாவுரிமையோடு ஏனைய உரிமைகளும் வருமென்று அவர்கள் நம்பினர். அத்தீவின் ஆளுநரைத் தாக்கி எழுதினாரென ஒரு நாளிதழின் ஆசிரியராகிய பல்சாக் என்பவர் மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. யூரிமார் முன் விசாரிக்கப்படும் உரிமையை அவர் கேட்டார். 1922 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. பிரசையாக இருப்பது போதாது. வாழும் இடமே உரிமையை நிருணயிக்கும் என்பது முடிவு. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் டாவ்ற். 1901 ஆம் ஆண்டிற் பிலிப்பைன் தீவுகளின் முதலாவது குடியியல் ஆளுநராகச் சென்றவர் அவரே. தீவுகளை ஆண்டவர் தீவுகளின் உரிமைக்கு நீதிபதியானார்.

அடுத்த ஆண்டில் இந்தியருக்கும் இதே பாடம் கற்பிக்கப்பட்டது. அமெரிக்கப் படையிற் சேவை செய்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர் பிரசாவுரிமை கோரினார். சட்டம் வெள்ளையருக்கும் ஆபிரிக்க வமிசத்தவருக்கும் மட்டுமே அவ்வுரிமையை அளித்தது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு யப்பானியரின் வழக்கில், வெள்ளையர் என்றால் கொக்கேசிய இனத்தவர் என்று நீதிமன்றம் கூறியிருந்தது. திந்த் அந்த இனத்தவரே என்று நூலோர் சான்று காட்டியபோது, நூலோர் கருத்து வேண்டாம். பாமரர் வெள்ளையரென எவரைக் கருதுகின்றனரோ அவரே வெள்ளையர் என்று அதே நீதியரசர் எழுதினார். அளவுகோலை வைத்திருப்பவர் அதன் நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம் போலும்!

பிலிப்பைன் தீவுகளுக்கு விடுதலை வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1934 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் பத்தாண்டு இடைக்காலத்தின் பின் சுதந்திரம் அளிப்பதாக வாக்களித்தது. மணிலாத் தலைவர்களின் நீண்டகால முயற்சி இதற்கு ஒரு காரணமாகும். ஆனால் தீவின் சீனியும் தேங்காயெண்ணெயும் தீர்வையின்றி வருவதை அமெரிக்கச் சீனி, பால், பருத்திவிதை உற்பத்தியாளர் வெறுத்தனர் என்பதும், பிலிப்பைன் கூலியாளர் வருவதைக் கலிபோர்னியாத் தொழிலாளர் வெறுத்தனர் என்பதும் அதைவிட வலிய காரணங்கள். அவ்வாண்டே தேங்காயெண்ணெய் மீது இறாத்தலுக்கு 3 சத வரி விதிக்கப்பட்டது. பிலிப்பைன் மக்களுள் ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே குடிபுகலாம் என்றும் வரையறுக்கப்பட்டது. கொடி அவர்கள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்கையிலேயே அவர்கள் அந்நியராக்கப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போரின்போது வாக்குறுதிகள் இன்னும் உயர்ந்தன. 1941 ஆகஸ்டில் பிராங்கிளின் றூஸ்வெல்ட்டும் சேர்ச்சிலும் வெளியிட்ட அத்திலாந்திக் சாசனம், எல்லா மக்களும் தமக்கு விருப்பமான ஆட்சிமுறையைத் தெரிந்துகொள்ளும் உரிமையை மதிப்பதாகக் கூறியது. அடுத்த மாதமே, அது நாசிகளின் பிடியிலுள்ள ஐரோப்பிய நாடுகளைக் கருதி எழுதப்பட்டது. பிரித்தானிய முடிக்குக் கட்டுப்பட்ட நாடுகளின் நிலை வேறு என்று சேர்ச்சில் பொதுமக்கள் சபையில் விளக்கினார். அவ்வாறு விலக்கப்பட்ட நாடுகளில் நமது தீவும் ஒன்று என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக.

அமெரிக்காவினுள்ளோ, 1942 பெப்ரவரி 19 ஆம் திகதி றூஸ்வெல்ட் பிறப்பித்த கட்டளையின்கீழ் யப்பானிய வமிசத்தவர் ஏறக்குறைய 120,000 பேர் மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டு முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். தனித்தனியே எவர் மீதும் குற்றஞ்சாட்டப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. 1944 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில், இராணுவத் தேவை என்ற ஒரு சொல்லுக்காக அந்த அகற்றற் கட்டளை செல்லும் என்றது. தீவுகளிற் பழகிய கை இப்பொழுது வீட்டுக்குள்ளேயே ஓங்கியது. அரசாங்கத்தின் கொடியின் கீழ்ப் போரிட்ட பிலிப்பைன் வீரருக்கும் நன்றி கிடைக்கவில்லை. 1946 பெப்ரவரியிற் காங்கிரசு இயற்றிய சட்டம், அவர்களுடைய சேவையைப் படைவீரர் சலுகைகள் பலவற்றுக்குக் கணக்கிற் கொள்ளக்கூடாதென விதித்தது. அவர்களிற் சிலர் 2009 ஆம் ஆண்டிலேதான், தள்ளாத வயதில், ஒரு தொகையைக் கண்டனர்.

இருளை மட்டும் கூறி முடிப்பது நேர்மையாகாது. 1941 ஆம் ஆண்டிற் புகையிரதத் துயிற்பெட்டிப் பணியாளர் சங்கத்தின் தலைவர் பிலிப் ரண்டோல்ஃப், ஆயுதத் தொழிற்சாலைகளிற் கறுப்பினத்தவருக்கு வேலை மறுக்கப்படுவதை எதிர்த்துப் பெருந்திரளான மக்களுடன் வாஷிங்டனுக்கு நடந்துவரப் போவதாக அறிவித்தார். றூஸ்வெல்ட் முதலிற் சமாதானம் பேசினார். ரண்டோல்ஃப் அசையவில்லை. ஜூன் 25 ஆம் திகதி அவ்வேற்றுமையைத் தடைசெய்யும் கட்டளை பிறந்தது. சாசனங்களும் சொற்பொழிவுகளும் பெற்றுத்தராததை, ஒழுங்குபட்ட மக்களின் உறுதி பெற்றுத்தந்தது. 1896 ஆம் ஆண்டில் ஹார்லன் தனித்து எழுதிய கொள்கை 1954 ஆம் ஆண்டில் நீதிமன்றம் முழுவதின் தீர்ப்பாயிற்று. 1965 ஆம் ஆண்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. யப்பானிய வமிசத்தவருக்கு 1988 ஆம் ஆண்டில் மன்னிப்பும், உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலரும் அளிக்கப்பட்டன. 1944 ஆம் ஆண்டுத் தீர்ப்பு பெருந்தவறென்று 2018 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

ஆனால் தோடம்பழ வழக்கின் தீர்ப்போ இன்றும் முறையாக நீக்கப்படவில்லை. 2022 ஆம் ஆண்டில் நீதியரசர் கோர்சச், அத்தீர்ப்புகள் இனவேற்றுமையில் வேரூன்றியவை. அவற்றை ஒழிக்கவேண்டும் என்று தனித்து எழுதினார். அந்த வழக்கிலும் போர்ட்டோ ரிக்கோவில் வாழும் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் ஓர் உதவிப்பணம் மறுக்கப்பட்டதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட அத்தீவு மக்கள், பிரசைகளாயிருந்தும், தீவில் வாழுமளவும் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. காங்கிரசில் அவர்களுடைய ஒரே பிரதிநிதிக்குச் சட்டமூலத்தின் இறுதி வாக்கெடுப்பில் வாக்கில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய முடிவுகள் மூன்று. ஆளுவோரின் நற்குணம் ஒரு மக்களின் பாதுகாப்பாக ஒருபோதும் அமையாது. நல்லவர் ஆளும் காலத்திலேயே உரிமையை எழுத்தில் வரைந்துகொள்ளல் வேண்டும். எழுதிய உரிமையும் தானாக நடவாது. 1898 ஆம் ஆண்டிலும் 1903 ஆம் ஆண்டிலும் 1944 ஆம் ஆண்டிலும் அரசியற் சட்டம் ஏட்டில் இருந்தது. அதனை எடுத்து நடத்தும் மனம் நீதிமன்றத்தில் இருக்கவில்லை. ஆகவே, உரிமைக்காக விடாது நிற்கும் மக்கள் இயக்கம் இல்லையெனில் ஏடு ஏடாகவே கிடக்கும். மூன்றாவதாக, ஒரு பகுதி மக்களுக்கு மறுக்கப்பட்ட உரிமையை மற்றப் பகுதியினர் பாதுகாப்பாக அனுபவிக்க முடியாது. தீவு மக்களுக்கு மறுக்கப்பட்டதைக் கண்டும் வாளாவிருந்தவர்களின் நாட்டிலேயே, நாற்பது ஆண்டுகளின் பின், அமெரிக்காவிற் பிறந்த பிரசைகளின் வாயிலில் இராணுவ லொறி வந்து நின்றது.

659 டொலருக்காக வழக்காடிய வணிகர் தமது பணத்தைப் பெறவில்லை. அவர் எழுப்பிய கேள்வி 1901 ஆம் ஆண்டில் ஒரே ஒரு நீதியரசரின் வாக்குக் குறைவால் தோற்றது. அது கேட்கத் தகாத கேள்வியென்று எவரும் இன்று சொல்லத் துணியார். கொடியின் கீழ் வரி கட்டவும் போரில் இறக்கவும் ஒரு மக்கள் வேண்டப்படுவராயின், அக்கொடிக்குரிய சட்டத்தின் முழு நிழலும் அவர்களுக்கு உரியது. அதற்குக் குறைந்த எதையும் நீதி என்று ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை.